வைக்கோலிலிருந்து பால் வரை

பாலைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வது உண்டு. அது நல்ல அறிவுரை. கறந்த பாலில் பல வகை நுண்ணுயிர்கள் இருக்கக்கூடும். பால் பொங்கி வரும்போது அவற்றில் நோய் உண்டாக்குபவை பெரும்பாலும் மடிந்துவிடுகின்றன. பால் பண்ணைகளில் 72 டிகிரி செல்சியசில் 15 விநாடி சூடாக்கி உடனே குளிர வைப்பதும் இதே நோக்கத்தோடுதான்.

ஆனால், மாணவர்களே, பாலில் வந்து சேரக்கூடிய கேடுகள் எல்லாமே உயிருள்ளவை அல்ல. உயிர் இல்லாத ஒன்றை எப்படிக் கொல்ல முடியும்? டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அது உருகுவதற்கே ஏறத்தாழ 109 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். பாலோ 100 டிகிரிக்குச் சற்று மேலே கொதித்துவிடுகிறது. எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் டி.டி.டி. பாலிலேயே தங்கிவிடும்.

இத்தகைய பொருள் பாலுக்குள் எப்படி வருகிறது? வந்துவிட்டால் அதை எடுக்க வழி உண்டா? இல்லை என்றால் எங்கே தடுக்க வேண்டும்? இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மாடு எதைத் தின்கிறது?

திருவள்ளூர் மாவட்டம் சென்னைக்கு வடக்கிலும் மேற்கிலும் பரந்து கிடக்கிறது. ஆரணி ஆறும் கொசத்தலை ஆறும் அதன் ஊடே ஓடுகின்றன. பூண்டி, புழல் ஏரிகள் இங்கேதான் உள்ளன. நெல்லும் நிலக்கடலையும் இம்மாவட்டத்தின் முக்கியப் பயிர்கள். நெல் விளைந்தால் வைக்கோலும் தவிடும் கிடைக்கும். கடலையை ஆட்டினால் பிண்ணாக்கு கிடைக்கும். மூன்றும் மாட்டுக்குத் தீவனம்.

இதே மாவட்டத்தின் வட கோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி, கும்மிடிப்பூண்டி இருக்கிறது. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலைகள், இரசாயன ஆலைகள் எனப் பலவும் இயங்குகின்றன. அந்த ஆலைகளைச் சுற்றியும் ஊர்களும் வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் உண்டு.

ஒரு கறவை மாட்டின் உணவை நினைத்துப் பாருங்கள். வயலில் தெளித்த மருந்து வைக்கோலில் ஒட்டியிருக்கலாம். புகையில் கலந்து வந்த தூசு புல்லின்மேல் படியலாம். ஈரத்தில் கிடந்த பிண்ணாக்கில் பூஞ்சை பூக்கலாம். நாம் கீரையை நாலு முறை அலசிச் சமைக்கிறோம். மாட்டுக்கு யார் வைக்கோலை அலசிப் போடுகிறார்கள்? தன் முன்னே கிடப்பதை அது தின்கிறது. அதில் உள்ள சில பொருள்கள் சாணத்திலும் சிறுநீரிலும் வெளியேறிவிடும். வேறு சில பாலை நோக்கிப் போகும். ஏன் அப்படி?

கொழுப்பில் கரையும் பொருள்கள்

வீட்டில் சாம்பாரையோ குழம்பையோ சற்று நேரம் ஆற விட்டுப் பாருங்கள். மேலே மிதக்கும் எண்ணெய் சிவந்திருக்கும். மிளகாயின் சிவப்பு நிறப் பொருள் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். எனவே குழம்பில் எங்கே எண்ணெய்த் துளி இருக்கிறதோ அங்கே அது போய்ச் சேர்ந்துவிடுகிறது.

டி.டி.டி.யும் அப்படிப்பட்டதே. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லிகிராமில் நூற்றில் ஒரு பங்குகூட அது கரையாது. ஆனால் எண்ணெயிலும் கொழுப்பிலும் நன்றாகக் கரையும். மாட்டின் உடலுக்குள் சென்றதும் அது கொழுப்பைத் தேடித் தங்குகிறது. சிறுநீர் பெரும்பாலும் தண்ணீர். ஆகவே அவ்வழியே அது எளிதில் வெளியேற முடியாது. பாலிலோ நூற்றுக்கு 4 பங்கு அளவில் கொழுப்பு இருக்கிறது. நாள்தோறும் இவ்வளவு கொழுப்பை உடலிலிருந்து வெளியே அனுப்பும் வழி மாட்டுக்கு வேறு இல்லை. மாடு தன் உடலில் சேர்ந்த நஞ்சை இறக்கிவைக்கும் வழியாகப் பால் அமைந்துவிடுகிறது.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். பாலைக் கடைந்து வெண்ணெய் எடுத்தால் நஞ்சு எங்கே போகும்? கொழுப்போடு வெண்ணெய்க்குப் போகும். வெண்ணெயில் நூற்றுக்கு 80 பங்கு கொழுப்பு. பாலில் இருந்ததைப்போல ஏறத்தாழ 20 மடங்கு செறிவு அங்கே உண்டாகிவிடும். நெய் உருக்கினால் செறிவு இன்னும் சற்றுக் கூடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு மாடு நாளொன்றுக்கு 6 கிலோ வைக்கோல் தின்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கிலோ வைக்கோலிலும் 0.1 மில்லிகிராம் மருந்து எஞ்சியிருக்கட்டும். மாட்டின் வயிற்றுக்குள் செல்வது 0.6 மில்லிகிராம். அதில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 0.1 மில்லிகிராம், பாலில் வருவதாகக் கொள்வோம். மாடு 5 லிட்டர் பால் கறந்தால் ஒவ்வொரு லிட்டரிலும் 0.02 மில்லிகிராம் மருந்து இருக்கும்.

இது மிகச் சிறிய அளவுதானே என்று தோன்றும். டி.டி.டி.க்கு நம் நாட்டில் வைக்கப்பட்ட வரம்பே ஒரு கிலோ பாலுக்கு 0.05 மில்லிகிராம்தான். அது எவ்வளவு? 20,000 லிட்டர் பால் கொள்ளும் ஒரு பெரிய டேங்கர் லாரியில் ஒரே ஒரு கிராம்! நம் கணக்கில் வைக்கோலில் இருந்த மருந்து இரண்டரை மடங்கு கூடினால் போதும், பால் வரம்பைத் தொட்டுவிடும்.

இந்தச் சிறு அளவுக்கு ஏன் இவ்வளவு கவலை? இரண்டு காரணங்கள். முதலாவது, பால் நாள் தவறாமல் குடிக்கும் பொருள். கொழுப்பில் தங்கும் நஞ்சு வெளியேறுவதைவிட வேகமாக வந்து சேர்ந்தால் உடலில் ஏறிக்கொண்டே போகும். இரண்டாவது, பாலை அதிகம் குடிப்பவர்கள் குழந்தைகள். 60 கிலோ எடையுள்ள பெரியவர் 300 மில்லி லிட்டர் குடித்தால் உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லி லிட்டர். 10 கிலோ எடையுள்ள குழந்தை அரை லிட்டர் குடித்தால் கிலோவுக்கு 50 மில்லி லிட்டர். ஒரே பால், ஆனால் குழந்தைக்குப் போவது பத்து மடங்கு!

உயிர் காத்த மருந்தே உணவில் வந்தது

டி.டி.டி.யை வெறும் கொடிய பொருள் என்று ஒதுக்கிவிடுவது சரியாகாது. அதன் பூச்சி கொல்லும் தன்மையை 1939-இல் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் கண்டறிந்தார். அதற்காக 1948-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தியா விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவால் வருந்தினர். 8 இலட்சம் பேர் இறந்தனர். 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. வீட்டுச் சுவர்களிலும் மாட்டுக் கொட்டில்களிலும் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. 1965 வாக்கில் நோயாளிகளின் எண்ணிக்கை ஒரு இலட்சம் அளவுக்குக் குறைந்தது. இது சிறிய சாதனை அன்று.

ஆனால் டி.டி.டி.யின் மூலக்கூறு எளிதில் சிதையாது. தெளித்த பல ஆண்டுகளுக்குப் பின்னும் அது மண்ணில் இருக்கும். கொசுவைக் கொல்ல அது பெரிதும் உதவியதற்குக் காரணமும் இதே உறுதிதான். கேட்டுக்குக் காரணமும் அதுவேதான்.

வயல்களில் அதைவிட அதிகமாகத் தூவப்பட்டது பி.எச்.சி. தூள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பி.எச்.சி. என்பது ஒரே மாதிரி அணுக்களைக் கொண்டு, அமைப்பில் மட்டும் வேறுபடும் பல மாற்றியங்களின் கலவை. அவற்றில் பூச்சியைக் கொல்வது காமா மாற்றியம் ஒன்றே. கலவையில் அதன் பங்கு நூற்றுக்கு 10 முதல் 15 வரை. மற்றவை பூச்சிக்கு அவ்வளவாகப் பயன்படாதவை. அவற்றுள் பீட்டா என்ற மாற்றியமோ எல்லாவற்றையும்விட நெடுநாள் கொழுப்பில் தங்குவது. வேலை செய்யாத பகுதிதான் நெடுநாள் நம்மோடு இருந்தது!

தமிழ்நாட்டிலேயே இதைப்பற்றி ஆராய்ந்திருக்கிறார்கள். பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தினரும் ஜப்பானின் எகிமே பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து 1980-களின் பிற்பகுதியில் வெள்ளாற்றுப் பகுதி நெல் வயல்களை ஆய்ந்தனர். தூவிய பி.எச்.சி.யில் ஆற்று வழியே கடலுக்குச் சென்றது மிகச் சொற்பம். நூற்றுக்கு 99 பங்குக்கும் மேல் வெப்பத்தால் ஆவியாகிக் காற்றில் கலந்துவிட்டது என்று கணக்கிட்டனர். காற்றில் போனது எங்கோ ஒரு புல்லின்மேல் இறங்கும் அல்லவா? ஒருவர் வயலில் தூவியது அந்த வயலோடு நிற்பதில்லை.

இந்த நிலையில்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு தழுவிய ஓர் ஆய்வை நடத்தி, 1993-இல் அறிக்கை வெளியிட்டது. 12 மாநிலங்களிலிருந்து 2,205 மாட்டுப்பால், எருமைப்பால் மாதிரிகள் சோதிக்கப்பட்டன. அவற்றில் நூற்றுக்கு 82 மாதிரிகளில் டி.டி.டி. எச்சம் இருந்தது. நூற்றுக்கு 37 மாதிரிகளில் அது வரம்பைத் தாண்டியிருந்தது. மிக மோசமான மாதிரியில் கிலோவுக்கு 2.2 மில்லிகிராம் இருந்தது. அதாவது வரம்பைப்போல 44 மடங்கு. குழந்தைகளுக்கான பால் மாவு டப்பாக்களும் தப்பவில்லை. சோதித்த 186 மாதிரிகளில் நூற்றுக்கு 70-இல் டி.டி.டி.யும் 94-இல் பி.எச்.சி.யும் காணப்பட்டன.

ஒரு கிராமை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு டேங்கர் பாலில் கரைந்த ஒரு கிராமைக் கண்ணாலோ நாக்காலோ அறிய முடியாது. நிறம் மாறாது, மணம் மாறாது. பின் எப்படி அறிகிறார்கள்?

முதலில் பாலிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுப்பார்கள். பிறகு தகுந்த கரைப்பானைக் கொண்டு கொழுப்பிலிருந்து பூச்சிக்கொல்லியைப் பிரிப்பார்கள். அந்தக் கரைசலில் ஒரு துளியை வாயு குரோமட்டோகிராஃப் என்னும் கருவிக்குள் செலுத்துவார்கள். அங்கே அது ஆவியாகி, மிக நீண்ட மெல்லிய குழாய் வழியே ஒரு வாயுவால் தள்ளப்பட்டுச் செல்லும். குழாயின் உட்சுவரில் ஒரு பூச்சு இருக்கும். சில பொருள்கள் அதில் அதிகம் ஒட்டித் தாமதமாகும். சில விரைந்து போய்விடும். திருவிழாக் கடைத்தெருவில் கடைகடையாக நிற்பவர் பின்தங்குவதும், எங்கும் நிற்காதவர் முதலில் வெளியே வருவதும் போலத்தான். எந்த நேரத்தில் எது வெளிவரும் என்று முன்கூட்டியே சோதித்து வைத்திருப்பதால், வந்தது எது என்பதை நேரம் காட்டிவிடும்.

குழாயின் முடிவில் ஓர் உணர்வி இருக்கும். ஜேம்ஸ் லவ்லாக் என்ற ஆங்கிலேயர் 1957-இல் உருவாக்கிய உணர்வி, எலெக்ட்ரான்களைக் கவரும் பொருள்களை மிக நுட்பமாகக் கண்டுபிடிக்கும். டி.டி.டி.யில் உள்ள குளோரின் அணுக்கள் எலெக்ட்ரான்களை ஆவலோடு கவர்பவை. இக்கருவி வந்த பின்னரே, பூச்சிக்கொல்லி எச்சம் எங்கெங்கே பரவியிருக்கிறது என்பது உலகுக்குத் தெளிவாகப் புரிந்தது.

தடை பலன் தந்ததா?

இந்தியாவில் வேளாண்மையில் டி.டி.டி.யைப் பயன்படுத்துவது 1989-இல் தடை செய்யப்பட்டது. பி.எச்.சி. கலவை 1997-இல் தடை செய்யப்பட்டது. எண்டோசல்ஃபானுக்கு 2011-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. சிதையாத நஞ்சுகளை உலகெங்கும் ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் இந்தியா 2006-இல் சேர்ந்தது.

2018-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் நாடெங்கும் 1,103 ஊர்களில் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. பூச்சிக்கொல்லி வரம்பைத் தாண்டிய மாதிரி எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று! இரண்டு ஆய்வுகளின் முறைகளும் வேறுபட்டவை. எனவே எண்ணுக்கு எண் ஒப்பிடக் கூடாது. என்றாலும் போக்கு தெளிவாக இருக்கிறது. வயலில் தூவுவது நின்றதும், சில ஆண்டுகளில் பாலிலும் குறைந்துவிட்டது. எந்த வீட்டு அடுப்பும் செய்ய முடியாததை ஒரு சட்டம் செய்தது.

அதே வாசல், வேறு விருந்தாளி

ஆனால் அதே 2018 ஆய்வு வேறொரு செய்தியையும் சொன்னது. 368 மாதிரிகளில் அஃப்ளடாக்சின் எம்-1 என்ற நஞ்சு வரம்பைத் தாண்டியிருந்தது. மாநிலங்களில் முதலிடம் பெற்றது, வருந்தத்தக்க வகையில், தமிழ்நாடு. இங்கே சோதித்த 551 மாதிரிகளில் 88-இல் அது கூடுதலாக இருந்தது.

இது மனிதன் செய்த மருந்து அன்று. ஈரமான கடலை, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் ஆகியவற்றில் வளரும் ஒரு பூஞ்சை உண்டாக்குவது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென மடிந்தன. காரணத்தைத் தேடிச் சென்றவர்கள் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கைக் கண்டார்கள். அதில் இருந்த பூஞ்சை நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டார்கள். ஈரலில் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது அது.

மாடு பூஞ்சை பிடித்த பிண்ணாக்கைத் தின்றால், அதன் ஈரல் அந்த நஞ்சைச் சற்றே மாற்றிப் பாலுக்கு அனுப்புகிறது. தின்ற ஒரு நாளுக்குள் பாலில் தெரியும். இதுவும் காய்ச்சினால் போகாது. டி.டி.டி.யைப்போல் இது கொழுப்பில் தங்குவதில்லை. பாலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஆகவே ஆடை எடுத்த பாலிலும் இருக்கும். ஒரு நல்ல செய்தியும் உண்டு. கெட்ட தீவனத்தை நிறுத்தினால் சில நாள்களில் பாலிலிருந்து மறைந்துவிடும்.

புகையும் புல்லும்

கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளில் தீவனத்துக்கு வேறொரு ஆபத்தும் வரலாம். குளோரின் கலந்த பிளாஸ்டிக்கை எரிக்கும்போதும், பழைய மின்கம்பிகளை எரித்துச் செம்பு எடுக்கும்போதும், பழைய உலோகங்களை முறையின்றி உருக்கும்போதும் டையாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. இதுவும் கொழுப்பில் கரைவது, எளிதில் சிதையாதது. 1989-இல் நெதர்லாந்தில் ராட்டர்டாம் நகருக்கு அருகே குப்பை எரிக்கும் ஆலையின் புகை படிந்த புல்லை மாடுகள் மேய்ந்தன. பாலில் டையாக்சின் இருப்பது தெரிந்து, அப்பகுதிப் பாலின் விற்பனை நிறுத்தப்பட்டது.

தொழிற்பேட்டைக்கு அருகில் கறக்கும் பால் எல்லாம் கெட்டது என்று இதற்குப் பொருள் அல்ல. சோதிக்காமல் அப்படிச் சொல்வதும் தவறு. சோதிக்காமல் நல்லது என்று சொல்வதும் தவறு. ஆலைகள் புகையை வடிகட்ட வேண்டும். சுற்றியுள்ள ஊர்களின் மண்ணையும் புல்லையும் பாலையும் காலந்தோறும் சோதித்து, முடிவை மக்களுக்குச் சொல்ல வேண்டும். அறிவியல் கேட்பது இவ்வளவே.

எங்கே தடுப்பது?

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். காய்ச்சினால் போகாது, வடிகட்டினால் போகாது. பாலுக்குள் வந்துவிட்ட எச்சத்தை நம் சமையலறையில் எடுக்க வழி இல்லை. எனவே தீவனத்திலேயே தடுக்க வேண்டும்.

மருந்து தெளித்தபின் அறுவடைக்கு முன் விடவேண்டிய நாள்கள் மருந்து டப்பாவிலேயே குறிக்கப்பட்டிருக்கும். அந்த நாள்கள் கழியாத வயலின் புல்லையும் வைக்கோலையும் மாட்டுக்குப் போடக் கூடாது. 1982-இல் அமெரிக்காவின் ஹவாய்த் தீவில் ஹெப்டாகுளோர் தெளித்த அன்னாசிச் செடியின் இலைகளை மாடுகளுக்குப் போட்டதால், ஓவாகூ தீவின் கடைகளிலிருந்து பாலைத் திரும்பப் பெற நேர்ந்தது. மாட்டின் மேல் உண்ணிக்கு மருந்து பூசினால், எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்று கால்நடை மருத்துவரைக் கேட்க வேண்டும். பிண்ணாக்கு மூட்டையை ஈரத் தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்க வேண்டும். பூஞ்சை பூத்ததை வீணாகிறதே என்று மாட்டுத் தொட்டியில் கொட்டக் கூடாது.

ஆனால் ஒன்று. சிறு விவசாயி ஒருவரே இத்தனையையும் சுமக்க முடியாது. நல்ல தீவனம் நியாய விலையில் கிடைக்க வேண்டும். பால் கூட்டுறவுச் சங்கங்கள் கொழுப்பு அளவைப் பார்த்து விலை போடுவதைப்போல, தீவனத்தையும் சோதித்துத் தர வேண்டும். அரசின் ஆய்வகங்கள் விழிப்போடு இருக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டுப் பால் குடிக்க மாட்டேன் என்று யாரும் அடம்பிடிக்க வேண்டாம்! வளரும் வயதில் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் தரும் நல்ல உணவு பால். அதை நல்லதாகவே வைத்திருப்பது எப்படி என்று அறிவதே நம் நோக்கம்.

செய்து பாருங்கள்

1. ஒரு கண்ணாடிக் குப்பியில் பாதி தண்ணீரும், அதன்மேல் இரண்டு விரற்கடை கடலை எண்ணெயும் ஊற்றுங்கள். சிறிது மிளகாய்த் தூள் போட்டு மூடி, நன்றாகக் குலுக்கி ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். எந்தப் பகுதி நன்கு சிவந்திருக்கிறது? ஏன்?

2. உங்கள் ஊர் மருந்துக் கடையில் பூச்சிமருந்து டப்பாக்களைத் தொடாமல், கடைக்காரரைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். சாய்ந்த சதுரத்தின் கீழ்ப்பாதியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நான்கில் ஒரு நிறம் இருக்கும். சிவப்பு மிகக் கொடியது. பச்சை வீரியம் குறைந்தது. எந்த நிறம் அதிகம் விற்கிறது?

3. வீட்டிலோ அண்டை வீட்டிலோ மாடு இருந்தால், ஒரு நாளில் அது தின்னும் ஒவ்வொரு தீவனமும் எங்கிருந்து வந்தது, எங்கே வைக்கப்பட்டிருந்தது என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். எந்த இடத்தில் காவல் குறைவு என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.